கொழும்புக் கதவில் வேப்பிலை

கொழும்புக்கு வந்த புதிதில், காலையில் எனக்கு முதல் வேலையே முன்பின் தெரியாத ஓர் ஆணுக்கு நாக்கை நீட்டிக் காட்டுவதுதான். சிரிக்காதீர்கள். இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்குகிறவர்கள் சில நாள் தினமும் டிஸ்பென்சரிக்குப் போய், டாக்டர் முன்னால் நாக்கை நீட்டி, உள்ளங்கையை விரித்து, நெற்றியைக் காட்டிவிட்டு வரவேண்டும் என்பது சர்க்கார் உத்தரவு. எங்கள் ஊர் மேலகரத்தில் ஒரு பெண்பிள்ளை ஆம்பிளைக்கு எதிரே நாக்கை நீட்டினால் பல்லைத் தட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். இங்கே நீட்டாவிட்டால் போலீஸ்காரன் வருவான். அந்தச் சிங்கள டாக்டர் தங்கமான மனிதர். நான் அழுதுகொண்டே நிற்பதைப் பார்த்து, தலையையும் வயிற்றையும் தொட்டுக் காட்டி, எங்கே வலி என்று சைகையில் கேட்டார். கப்பலிறங்கி நான் ஏறி வந்த ரயிலின் திசையில் கையை நீட்டினேன். அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லையே என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, ஒரு கசப்பு மருந்தைக் கொடுத்து அனுப்பினார்.

என் மகன் சுடலைமுத்துவுக்கு ஐந்து வயது. என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தார். நானும் பிள்ளையும் மேலகரத்தில் என் அண்ணன் வீட்டில் இருந்தோம். இவருக்கு விஷக்காய்ச்சல், உடனே புறப்பட்டு வரவும் என்று கடைக்காரர்கள் தந்தி அடித்தார்கள். உடனே புறப்பட அது என்ன பக்கத்திலிருக்கிற பாவூர்சத்திரமா? கையில் அம்மை குத்திய தழும்பு இல்லாதவர்களைக் கடல் தாண்ட விடமாட்டார்கள். தென்காசிக்கு ஓடினோம். எனக்குப் பழைய தழும்பு இருந்தது. பிள்ளையின் கையில் கீறி மருந்து வைத்தார்கள். கப்பலுக்கு முன்னால் கடற்கரை முகாமில் எப்படியும் தங்கவேண்டும், அங்கே கொப்புளம் எழும்பினால் போதும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். மதினிக்குப் பிள்ளை கிடையாது, இவன்தான் அவளுக்கு உசிர். அவன் கையைப் பார்த்துப் பதறிப்போனாள். "பச்சப்புள்ள ஒடம்பக் கீறி அம்மாவ உள்ள விட்டுருக்கான், பாவி. சூடு தலைக்கு ஏறுமுன்ன குத்தாலத்துல கொண்டு நிறுத்திட்டு வந்துருதேன்" என்றாள். நல்ல சாரல் காலம். கீறின இடத்தில் மஞ்சளை அரைத்துத் தேய்த்து, அருவித் தண்ணீர் அந்தக் கையிலேயே விழும்படி நெடுநேரம் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவன் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு வந்து, "எம்மா, அருவி என் தலையில குட்டுச்சு!" என்று சிரித்தான். கை குளிர்ந்துபோயிருந்தது. நல்லதாகப் போயிற்று என்று நானும் நினைத்தேன். அவளைத் திட்ட எனக்கு இன்றும் வாய் வரவில்லை.

முகாமில் கம்பி வேலி, தகரக் கொட்டகை, எங்கே திரும்பினாலும் பினாயில் வாடை. உடுத்தின சேலையைக்கூட வாங்கி ஆவியில் அவித்துக் கொடுத்தார்கள். கொப்புளம் இன்று எழும்பும், நாளை எழும்பும் என்று நான் அந்தச் சின்னக் கையைத் தடவித் தடவிப் பார்த்தேன். எழும்பவில்லை. இதற்குள் இவருக்கு நினைவு தப்பிவிட்டது என்று அடுத்த தந்தி வந்துவிட்டது.

"குத்தினது பிடிக்கலையம்மா. திரும்பக் குத்தணும். கொப்புளம் வர்றவரைக்கும் பிள்ளை போகக்கூடாது. நீங்க போகலாம்" என்றார் முகாம் டாக்டர்.

"அஞ்சு வயசுப் புள்ள தனியா எப்படிய்யா இருப்பான்?"

"அப்போ நீங்களும் இருங்க."

இருந்தால் தாலி போகும். போனால் பிள்ளை? எங்களைக் கப்பலேற்ற வந்து, வெளியே சத்திரத்தில் காத்திருந்த அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். "ஏட்டி, நீ போ. மாப்பிள்ளைக்கு அங்கன யாரு இருக்கா? இவன ஊருக்குக் கூட்டிட்டுப் போயி மறுபடி குத்தி, நானே கொண்டாந்து ஏத்திவிடுதேன்" என்றான். மறுபடியும் ரயில் என்றதும் சுடலைமுத்து முகாம் வாசலைத் தாண்டி ஓடி, மாமன் தோளில் தாவி ஏறிக்கொண்டான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு பேய் மாதிரி கத்தினேன்.

இவர் பிழைத்துக்கொண்டார். எலும்பும் தோலுமாக எழுந்து உட்கார்ந்து, என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பய எங்க?" என்பதுதான். அதற்குள் அண்ணன் கடிதம் வந்திருந்தது: தெருவில் அம்மா விளையாடுகிறாள், இந்தச் சமயத்தில் பிள்ளை உடம்பில் கத்தி படக்கூடாது என்கிறார்கள், அவள் மலையேறியதும் குத்திவிடலாம். அதற்குப் பிறகு கடிதமே இல்லை. இங்கே இருக்கும் நம்மூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. அம்மை கண்ட வீட்டிலிருந்து கடிதம் போகாது, ஆள் போகாது, சொல்லும் போகாது. அம்மை இறங்கி, தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை வெளியிலிருந்து எவரும் உள்ளே நுழையவும் கூடாது. வழிநடையாக வந்தவள் பெற்ற தாயே ஆனாலும் வாசலோடு நிற்கவேண்டியதுதான். அங்கே போனால் அம்மன் உத்தரவு. திரும்பி வரலாம் என்றால் சர்க்கார் உத்தரவு; அம்மை நடக்கும் ஊர்க்காரர்களுக்கு இப்போது கப்பலே கிடையாதாம். நடுவில் கிடந்து நான் வேகிறேன். அவன் இருக்கிறானா என்று மட்டும் யாராவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

ஒருநாள் எழுந்ததும் அடுப்பில் தாளிப்பதை நிறுத்தினேன். தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. இவர் தாமாகவே பாயை எடுத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டார். பக்கத்துக் கோயில் மரத்தில் வேப்பங்குலை ஒடித்து வந்து எங்கள் ஒற்றை அறையின் கதவில் செருகினேன். பிள்ளைக்கு அம்மை என்றால் தாய் செய்யவேண்டியதை நான் எங்கிருந்தால் என்ன, செய்துதானே ஆகவேண்டும்?

யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். சுகாதார இன்ஸ்பெக்டர் இரண்டு ஆட்களோடு வந்துவிட்டார். அந்த இலைக்கு என்ன அர்த்தம் என்று சிங்களவர்களுக்கும் தெரியும். "லெடா கொஹெத?" என்றார்.

"நோயாளி எங்கேன்னு கேக்காரு" என்றார் இவர்.

"மேலகரத்துலன்னு சொல்லுங்க."

இவர் தமக்குத் தெரிந்த சிங்களத்தில் ஏதோ சொன்னார். இன்ஸ்பெக்டருக்கு அது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எங்களைப் போன்ற கூலிச்சனம் நோயை ஒளித்து வைக்கும் என்று அவருக்கு எண்ணம். பானைகளை நகர்த்தினார். கொடியில் கிடந்த சேலையை விலக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, உடைந்த தமிழில், "இந்த வீடு, எத்தனை ஆள்?" என்று கேட்டார்.

இவர் இரண்டு விரலைக் காட்டினார்.

"மூணு பேரு" என்றேன் நான்.

இன்ஸ்பெக்டர் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மண்டிபோட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்த்தார். நானும் அவர் பக்கத்தில் குனிந்து பார்த்தேன்.