சித்தியைத் திட்டிய புதன்கிழமை

அந்த வருஷம் எங்கள் வீட்டில் செலவைக் குறைக்கும் பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார். தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குப் பின்னால் சமைக்க ஒரு குசினி கட்டுவதற்காக அம்மா பெண்கள் குழுவில் லோன் எடுத்திருந்தாள். அதைத் தவணைக் காலத்துக்கு முன்பே கட்டி முடித்துவிட வேண்டும் என்று அப்பாவுக்கு ஒரு பிடிவாதம். முதலில் தேத்தண்ணிக்குப் பால்மா நின்றது. பிறகு டிவி டிஷ்ஷுக்குக் காசு போடுவது நின்றது. ரைஸ் குக்கர் கரண்டைக் குடிக்கிறது என்று அதைத் தூக்கிப் பரணில் வைத்தார். மிச்சம் பிடிக்கும் காசை அதற்குள்ளேயே போடச் சொன்னார். இரவில் நான் புத்தகத்தை விரித்ததும் லைட்டை அணைத்துவிட்டு, "படிச்சது போதும், இனி யோசி" என்பார். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இரண்டாம் ஆண்டு, ஏழு வயது. டிவியைத் தவிர யோசிக்க என்னிடம் வேறொன்றும் இருக்கவில்லை.

லோன் முடிகிற அன்றைக்கே டிஷ்ஷுக்குக் காசு போடுவதாக அம்மா எனக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அதை நம்பித்தான் பால் இல்லாத வெறும் சாயத் தண்ணியை முகம் சுளிக்காமல் குடித்தேன்.

குழுவில் ஐந்து பெண்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் சேர்ந்து அவளுக்காகக் கட்ட வேண்டும் என்பது சட்டம். புதன்கிழமை பின்னேரம் பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு, கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்துக்கு வந்து வரிசையாக உட்காருவார்கள். மோட்டார் சைக்கிளில் ஒரு இளைஞர் வருவார். முகத்துக்கு நேரே 'சார்' என்பார்கள், அவர் போனபிறகு 'லோன் தம்பி' என்பார்கள். ஐந்து பேருடைய காசும் மேசைக்கு வரும்வரை ஒருத்தியும் எழும்பக்கூடாது.

எழும்ப விடாமல் எல்லாரையும் உட்கார வைத்திருந்தது பெரும்பாலும் எங்கள் பக்கத்துக் காம்பராச் சித்திதான். சொந்தச் சித்தி இல்லை; சுவருக்கு அந்தப் பக்கம் இருந்ததால் சித்தி. ஆட்டோ வாங்க வேண்டும் என்று அவளை லோன் எடுக்க வைத்த அவளுடைய புருஷன், வாங்கிய ஆட்டோவை ஓட்டிக்கொண்டு போனவர் போனவர்தான். லோனும் இரண்டு பிள்ளைகளும் மட்டும் வீட்டில் மிஞ்சினார்கள். தவணை தவறிய நாட்களில் லோன் தம்பி சித்தியின் இஸ்தோப்புத் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்வார். காசு கொடுக்காமல் எழும்ப மாட்டேன் என்பார். லயமே வாசலில் நின்று பார்க்கும். சித்தி உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்வது எங்கள் காம்பராவுக்குக் கேட்கும். அப்போதெல்லாம் அம்மா ரொட்டிக்கு மா பிசைவதை நிறுத்திவிட்டு அப்படியே இருப்பாள். ஆனால் கூட்டத்தில் அவளும் சித்தியிடம் சிடுசிடுப்பாள், உன்னால் எங்கள் பொழுதும் போகிறது என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா குக்கரை இறக்கி, இருந்ததை எண்ணிப் பார்த்துவிட்டு, வருகிற புதனோடு நம் லோன் முடிந்துவிடும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. டிவியைத் தூசி தட்டித் துடைத்தே வைத்துவிட்டேன்.

மறுநாள் விடியற்காலை ஒன்றுக்கு முட்டி எழும்பினேன். குசினியில் லைட் எரிந்தது. அப்பா அணைக்காமல் விட்ட லைட்டை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சித்தியும் பிள்ளைகளும் காலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார்கள். அம்மா குக்கரைத் திறந்து, அந்த வாரத் தவணைக்குக் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை அப்படியே அள்ளிச் சித்தியின் கையில் திணித்தாள். சித்தி கையை இழுத்துக்கொண்டாள்.

"புடி தங்கச்சி. பஸ் வந்துரும்."

அம்மா கொழுந்துக்குப் போகும்போது போடும் சுவெட்டரைக் கழற்றிச் சின்னவனுக்கு மாட்டினாள். அவனுக்கு அது முழங்கால் வரை வந்தது. என்னைக் கண்டதும், சித்தி ஊருக்குப் போய்விட்டு வருவாள், நீ போய்ப் படு என்றாள். படுத்துக்கொண்டே லிந்துலை டவுனுக்குப் போகும் முதல் பஸ் வளைவில் ஹார்ன் அடிப்பதைக் கேட்டேன். என் டிவி அந்த பஸ்ஸில் போகிறது என்பது மட்டும் எனக்கு விளங்கியது. அழுகை அழுகையாக வந்தது.

அன்று பின்னேரம் அப்பா குக்கர் மூடியைத் திறந்தார். குளிக்கிற சவர்க்காரம் கரைந்ததற்கே வீட்டை இரண்டாக்குகிற மனுஷன், இன்று என்ன நடக்கப்போகிறதோ என்று நான் மூலையில் ஒதுங்கினேன். உள்ளே பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மூடியை மூடினார். சோத்தைப் போடு என்றார். எனக்கு ஒரே குழப்பமாகிவிட்டது.

புதன்கிழமை வந்தது. சித்தியின் காம்பரா பூட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்த லோன் தம்பியின் முகம் சிவந்திருந்தது. அவள் எங்கே என்று கேட்டார். முதலில் வாயைத் திறந்தது அம்மாதான்.

"எங்களுக்கு என்னா தெரியும் சார்? சொல்லாம கொள்ளாம ஓடிட்டா பாவி. எங்க வயித்துல அடிச்சிட்டுப் போயிட்டா. அவ வெளங்கவே மாட்டா."

அடுத்து குழுத் தலைவியான மேல்லயத்துப் பெரியம்மா ஆரம்பித்தார். அவள் எங்கே இருக்கிறாள் என்று மட்டும் தெரியட்டும், தலைமுடியைப் பிடித்துத் தோட்டம் வரைக்கும் இழுத்து வருகிறேன் என்று கையை நீட்டி நீட்டிப் பேசினார். மற்ற இரண்டு பேரும் விடவில்லை. ஆனாலும் எல்லார் சத்தத்துக்கும் மேலே அம்மாவின் சத்தம்தான் கேட்டது. நான் திகைத்துப் போனேன். அம்மா மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன். அவளுடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மா, சித்திக்கு நீதானே..."

அம்மா என் காலை ஓங்கி மிதித்தாள். பிள்ளை என்ன சொல்கிறது என்று லோன் தம்பி என் பக்கம் திரும்பினார். நாலு பெண்களும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள்.

"ஒண்ணுமில்ல சார். டிவிக்குக் காசு போடச் சொல்லி நச்சரிக்கிறா."

அது உண்மையாகவும் இருந்ததால் எனக்கு அடக்க முடியவில்லை. கால் வலியும் சேர்ந்துகொள்ள, டிவி, டிவி என்று கதறி அழுதேன். அவர் எரிச்சலோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்தியின் பாக்கியை நாலாகப் பிரித்து நாலு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். நாலு பேரும் சித்தியைச் சபித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள்.

முடிய வேண்டிய எங்கள் லோன் முடியவில்லை. அதன்மேல் இன்னொன்றும் ஏறிக்கொண்டது. பால்மா திரும்பி வரவில்லை. அம்மா சுவெட்டர் இல்லாமல் சாக்கைப் போர்த்திக்கொண்டு விடியற்காலைப் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போனாள். அப்பா முன்னைவிடச் சீக்கிரமாக லைட்டை அணைத்தார். இத்தனைக்கும் காரணம் சித்திதான் என்று ஊரே சொன்னதால் நானும் அவள் மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நின்ற அவளுடைய முகம் நினைவுக்கு வந்ததும் கோபம் போய்விடும்.

சில வாரம் கழித்து ஒரு நாள் காலையில் அம்மாவோடு பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன். பெரியம்மா அங்கே வாளியோடு நின்றார்; இடுப்பு மடியில் ஒரு காசு முடிச்சு துருத்திக்கொண்டிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அவ எங்கடி இருக்கா? எனக்கு மட்டும் சொல்லு."

தலைமுடியைப் பிடித்து இழுத்து வரத்தான் இடம் விசாரிக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சொல்லிவிடாதே அம்மா, சொல்லிவிடாதே என்று மனதுக்குள் மாரியம்மனைக் கும்பிட்டேன். அம்மா வாளியைக் கீழே வைத்தாள். பிறகு குனிந்து பெரியம்மாவின் காதில் சொல்லிவிட்டாள்.

அன்று முழுக்க நான் அம்மாவோடு பேசவில்லை.