இடைவேளையில் கொடுத்த கோப்பை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஹேண்ட்பால் சங்கச் செயலாளர் குணசேகரன் ஒரு பிளாஸ்டிக் பையுடன் வீட்டுக்கு வந்தார். பைக்குள் ஒரு வரலாறு இருந்தது.

தேசிய மகளிர் கிளப் ஹேண்ட்பால் சாம்பியன்ஷிப் இந்த ஆண்டு எங்கள் ஊர் உப்பளம் மைதானத்தில் நடக்கிறது. அதற்கு ஒரு விழா மலர். மலருக்கு ஒரு வரலாறு. “நீங்க ஹிஸ்டரி புரொஃபசரு... நாலு பக்கம் எழுதிக் குடுத்துடுங்க சார்” என்றார். பிரெஞ்சுக் காலத்து நில ஆவணங்களில் பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு இது ஒரு வேலையா?

வேலைதான். பையைக் கவிழ்த்தேன். எந்த ஆண்டு யார் குத்துவிளக்கு ஏற்றினார் — இருக்கிறது. யார் யாருக்குப் பொன்னாடை போர்த்தினார் — இருக்கிறது. ஓர் ஆண்டின் மதிய உணவுப் பட்டியல், பாயசம் உட்பட, டைப் அடித்தே இருக்கிறது. யார் எத்தனை கோல் போட்டார்கள்...? பெரும்பாலும் இல்லை. பெண்கள் பந்து எறிந்ததற்கு இருப்பதைவிட, ஆண்கள் மாலை போட்டுக்கொண்டதற்கே நம்மிடம் ஆதாரம் அதிகம்.

கடைசியாக ஒரு புகைப்படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார் குணசேகரன். என் மனைவி தெரேஸ், கோல்கீப்பர் உடையில், கையில் கோப்பையுடன்.

“அட்டையில அம்மா படம்தான் சார். நம்ம ஊரு டீம் ஜெயிச்சது அந்த ஒரு தடவதான். அம்மாதானே கேப்டன்.”

தெரேஸ் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. அதைப் பற்றி இதற்கு மேல் இங்கே எழுதுவதாக இல்லை. அந்தப் படம் அட்டையில் வரவேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

சிக்கல் ஒன்றுதான். அந்த இறுதி ஆட்டத்தில் அவள் அணி தோற்றது.

நான் அன்று கேலரியில் இருந்தேன். எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். எதிரணி, சேலத்து கிளப் ஒன்று. முதல் பாதி முடிந்தபோது நம் பெண்கள் மூன்று கோல் முன்னிலை. சீஃப் கெஸ்டுக்கோ அவசரம் — வேறோர் இடத்தில் திறப்பு விழா. ரிப்பனைக் காக்க வைக்கலாமா? ஆகவே இடைவேளையிலேயே பரிசளிப்பு. முன்னால் இருந்தவர்களுக்குக் கோப்பை, பின்னால் இருந்தவர்களுக்குக் கைகுலுக்கல். பதிவேட்டில் வென்ற அணியின் பெயரை எழுதிக் கையொப்பமும் ஆயிற்று. கார் கிளம்பியது.

அதன் பிறகு இரண்டாம் பாதி என்று ஒன்று நடந்தது. பந்தல்காரர்கள் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருக்க, சேலம் ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றது.

தெரேஸ் வியர்வைகூடத் துடைக்காமல் அன்றைய செயலாளரிடம் கோப்பையை நீட்டினாள். “இத அவங்ககிட்ட குடுத்துடுங்க சார்.”

அவர் பதறிவிட்டார். “சீஃப் கெஸ்ட் கையால குடுத்தத திருப்பி வாங்கினா மரியாதையா இருக்குமாம்மா?”

இருக்காதுதான். ஸ்கோர் என்ன பெரிய ஸ்கோர்?

இப்படியாக அந்தக் கோப்பை எங்கள் வீட்டில் தங்கியது. அதில் துணிக் கிளிப்புகளைப் போட்டு வைத்திருந்தாள் தெரேஸ். வீட்டுக்கு வந்த யாராவது வாய்தவறிப் பாராட்டிவிட்டால், “அது அவசரக் கப்புங்க. கடைசி கோல வுட்டவளே நான்தான், எனக்குத் தெரியாதா?” என்பாள்.

வரலாற்றை இரண்டு நாளில் எழுதி முடித்தேன். அந்த ஆண்டுக்கு நேரே ‘சேலம்’ என்று எழுதுவதற்கு மட்டும் சற்று நேரம் பிடித்தது.

குணசேகரன் படித்துப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“சார்... இது உங்க வீட்டம்மா பேரு சார். யாரு கேக்கப் போறா? சேலத்துக்காரங்களே மறந்துட்டிருப்பாங்க.”

“அவ மறக்கலையே.”

“ரன்னர்-அப்ப அட்டையில போட கமிட்டி ஒத்துக்காது சார். யோசிச்சிக்குங்க.”

“அவ கைக்கு அகப்படாத பந்த நான் பேனாவால தடுக்கக் கூடாது, குணசேகரன்.”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, “உள்ள பதினோராம் பக்கத்துல போட்டுடறேன். பக்கத்துலயே ஒரு வாட்டர் டேங்க் விளம்பரம் வருது... பரவால்லையா?” என்றார்.

பரவாயில்லை. அட்டையில் இந்த ஆண்டு சீஃப் கெஸ்டின் படம் வருகிறது. வேறு யார் படம் வரும்?

மலர் அச்சுக்குப் போகும் முன் சேலத்து அணியின் அன்றைய தலைவியிடம் ஒரு வார்த்தை சொல்வது முறை என்று பட்டது. பெயர் வசந்தா, விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு மூன்று பேரைக் கேட்டு எண்ணைப் பிடித்தேன். இத்தனை ஆண்டுக்குப் பிறகு உங்கள் வெற்றி அச்சேறுகிறது என்று தெரிவித்தேன். பெரிதாக மகிழ்ந்ததாகத் தெரியவில்லை.

“அத வுடுங்க சார். அந்த கோல்கீப்பர் அக்கா எப்படி இருக்காங்க?”

ஒரு வரியில் சொன்னேன். மறுமுனையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. யாரையோ நிறுத்தச் சொன்னார்.

“சார், ஒண்ணு சொல்லணும். அந்தக் கடைசி கோலு... நான் வலப்பக்கந்தான் அடிக்கப் பாத்தேன். அக்காவும் அதே பக்கந்தான் பாஞ்சாங்க. கரெக்டா பாஞ்சாங்க சார். என் கைதான் வழுக்கிடுச்சு, பந்து அந்தாண்ட போயிடுச்சு. டீம்ல எல்லாரும் என்னைத் தூக்கி வெச்சு ஆடுனாங்களா... எப்படிச் சொல்றது? இன்னி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல.”

ஒற்றைச் சாட்சி, ஆவணம் கிடையாது. முறையாகப் பயின்ற எந்த வரலாற்றாசிரியனும் இதை ஏற்கமாட்டான்.

நான் ஏற்றுக்கொண்டேன்.