காணும்

தண்ணீர் இறைக்கும் மிசின் எங்கள் பக்கம் வராத காலம். ஆடி வெயிலில் பங்குக் கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கும். காலையில் எங்கள் முறை. நாங்கள் விட்டுவைப்பதைத்தான் அடுத்த பங்குக்காரர் இறைக்கவேண்டும். என் கணவர் கிணற்றுக்கு மேலே ஏற்றமரமான துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். மாமா துலாக் கயிற்றில் வரும் பனையோலைப் பட்டையைப் பிடித்துத் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றுவார். நான் மண்வெட்டியோடு நின்று, மிளகாய்ப் பாத்திகளுக்கு ஒவ்வொன்றாக வாய்க்காலை வெட்டித் தண்ணீர் மாறுவேன்.

கலியாணம் முடித்து வந்த முதல் இறைப்பில், கடைசிப் பாத்தி பாதி காய்ந்திருக்கும்போதே "காணும்!" என்று கத்தினேன். எங்கள் ஊரில் போதும் என்பதற்கு அதுதான் சொல்.

மாமா பட்டையை வைத்துவிட்டு வந்தார். "என்ன பிள்ளை, பாத்தி காய்ஞ்சு கிடக்குது. காணுமெண்டுறாய்?"

"வாய்க்காலுக்கை வாற தண்ணியே காணும், மாமா. நிண்டு பாருங்கோ."

எனக்குக் கோபம். மண்வெட்டியை நிலத்தில் குத்திவிட்டு நின்றேன். வாய்க்காலில் எஞ்சி ஓடிவந்த தண்ணீர் பாத்தியை நிறைத்து, மூலைக் கன்றின் அடியை நனைத்ததும் நின்றது. பின்னால் ஒரு சிரட்டைத் தண்ணீர்கூட மிஞ்சவில்லை. இன்னும் கொஞ்சம் இறைத்திருந்தால் வரம்பு உடைந்து வெளியே ஒழுங்கைப் பாதைக்குத்தான் போயிருக்கும்.

மாமா பட்டையைக் கழுவப் போனார்.

அந்த வீட்டில் சாப்பிடும்போது நான் "காணும்" என்றால், மாமி கேளாதவர்போல இன்னும் ஓர் அகப்பை சோறு போடுவார். தோட்டத்தில் நான் "காணும்" என்றால், சொல்லி முடிக்கமுன் துலா நிற்கும்.