ஐந்து படிவங்கள்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் இருந்த எங்கள் எம்.பி.ஏ. கல்லூரிக்குச் சொல்லிக்கொள்ளும்படி கட்டடமோ பேரோ கிடையாது. ஆனால் ஒரு வழக்கம் இருந்தது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் கொஞ்சம் அலட்டிக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2005-இல் நான் அங்கே முதல் பேட்ச் மாணவன். புராஜெக்டுக்காக ஆளுக்கு நூறு வீடு ஏறி, என்னென்ன பொருள் வாங்குகிறார்கள் என்று கேட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். நானும் என் அறைத் தோழர்களும் வீடு ஏறவில்லை. ஹாஸ்டலில் நான்கு நிறப் பேனாக்களோடு உட்கார்ந்து, நாங்களே இல்லத்தரசி, நாங்களே மீனவர் என்று மாறி மாறி டிக் அடித்தோம். தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த வகுப்புத் தோழி ஒருத்தி என் படிவங்களைப் புரட்டிவிட்டு எல்லார் முன்னாலும் கேட்டாள்: "எங்க தெருவுல பன்னண்டு வீட்டுல காரு இருக்குதுன்னு எழுதியிருக்க. சுனாமியில வலையும் போயி நிக்கிறோம். காரு எங்கேர்ந்து வந்துச்சி?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. நான் தலை நிமிரவே இல்லை.

அன்று வகுப்பே கூடி முடிவு செய்தது. ஒவ்வொருவரின் படிவக் கட்டிலிருந்தும் ஐந்தை உருவி, வேறு இருவர் அந்த வீடுகளுக்குப் போய்க் கேட்டு வர வேண்டும். ஒன்று பொய்யென்றாலும் மொத்தக் கட்டும் செல்லாது. ஆசிரியர்கள் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, எங்கும் எழுதி ஒட்டியதும் இல்லை. ஒவ்வொரு பேட்சும் அடுத்த பேட்சின் தலையில் கட்டிவிட்டுப் போனது.

படித்து முடித்து அங்கேயே விரிவுரையாளரானேன். 2012-இல் என் முனைவர் பட்ட ஆய்வு முடியும் நிலையில் இருந்தது. ஜூனுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால்தான் வேலை நிரந்தரமாகும். பிச்சாவரம் பக்கத்துக் குடும்பங்களில் முன்னூறு படிவங்கள் வேண்டும். நேரம் போதாமல், கடைசி முப்பதை மட்டும் புவனகிரியில் செல்போன் கடை வைத்திருந்த என் மச்சானிடம் கொடுத்தேன். "வுடு மாமா, நான் பாத்துக்கறேன்" என்றான். மூன்றே நாளில் முப்பதும் வந்தன. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான்தான் வரவிடவில்லை.

ஒரு மதியம் இரண்டாமாண்டு மாணவிகள் இருவர் என் அறைக்கு வந்தார்கள்.

"சார், ஒங்களுதுல அஞ்சு படிவம் குடுங்க சார்."

எனக்குச் சுருக்கென்றது. "அதெல்லாம் ஒங்க புராஜெக்டுக்கும்மா. இது பிஎச்.டி."

"இதுவும் நம்ம டிபார்ட்மென்ட்லேர்ந்துதானே சார் போவுது?"

படிவக் கட்டை அவர்கள் பக்கம் தள்ளினேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார்கள். நான்கு வீடு சரி. ஐந்தாவது வீடு இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறதாம். மச்சானுக்குப் போன் போட்டேன். "எல்லாரும் ஒரே மாதிரிதான மாமா சொல்லப் போறாங்க? அதான் நானே போட்டுட்டேன்" என்றான், எனக்கு உதவி செய்துவிட்ட நிம்மதியோடு. அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு, மாணவிகளிடம் குழைந்தேன்: "அந்த முப்பதை மட்டும் எடுத்துடறேன். மிச்சம் நானே போயி வாங்குனதும்மா."

ஒருத்தி தரையைப் பார்த்தாள். மற்றவள்தான் பேசினாள். "ஒண்ணு பொய்னா மொத்தமும் செல்லாதுங்கறதுதானே சார் நம்ம வழக்கம்?" அவளுடைய இன்டர்னல் மதிப்பெண் என் கையில் இருந்தது. அது தெரிந்துதான் சொன்னாள்.

ஜூன் போயிற்று. வேலை நிரந்தரமாகும் வாய்ப்பும் கூடவே போயிற்று. முன்னூறு வீடுகளுக்கும் முதலிலிருந்து நடந்தேன்.

"ஒங்க புள்ளைங்களே ஒங்கள கவுத்துட்டாங்களா?" என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்றேன். வருத்தமாகச் சொல்லத்தான் முயன்றேன்; முடியவில்லை, அவ்வளவு பெருமையாக இருந்தது.