பாசமிகு மைத்துனர்

லண்டன் ரெய்னர்ஸ் லேன் வீட்டில் உல்ரிகாவால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கணவர் குலசேகரம் இறந்து இரண்டு நாளாகியும் சடங்கு முடியவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முன்னறையை நிறைத்திருக்க, அவர் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

தென்ஜெர்மனியில் திராட்சைத் தோட்டம் சூழ்ந்த மாளிகையில் பிறந்தவர் அவர். லண்டனுக்குப் படிக்க வந்த இடத்தில், பெற்றோல் நிலையத்தில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து அகதியைக் கட்டிக்கொண்டார். பிரபு குடும்பத்துப் பெண் பிரபு குடும்பத்தில்தான் வாழ்க்கைப்பட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கல்யாணத்துக்கு யாரும் வரவில்லை. தகப்பனின் சாவைக்கூடத் தம்பி அல்பிரெக்ட் அறிவிக்கவில்லை.

"உங்கட ஆக்களும் எங்கட ஆக்களும் ஒண்டுதான். சம்மந்தம் பேசேக்கை ஒருத்தரும் விட்டுக்குடுக்க மாட்டினம்" என்று குலசேகரம் சிரிப்பார். அவர் பக்கத்திலும் முகத்தைத் திருப்பியவர்கள் இருந்தார்கள். காலப்போக்கில் அவர்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். அல்பிரெக்ட் மட்டும் வரவே இல்லை.

மரண அறிவித்தலை இணையத்தில் போட்டது குலசேகரத்தின் அக்கா மகன் றமணன். யாருடைய மகன், யாருக்கு மைத்துனர் என்று உறவு முழுவதையும் சொல்லாமல் நம் அறிவித்தல் நிறையாது. மாமியின் பக்கம் வெறுமையாக இருந்தால் நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்களே என்று, 'ஜெர்மனியைச் சேர்ந்த அல்பிரெக்ட் அவர்களின் பாசமிகு மைத்துனரும்' என்று சேர்த்துவிட்டான். அதோடு விடவில்லை. தோட்டத்தின் இணையப் பக்கத்தில் கிடைத்த தொலைபேசி எண்ணையும் கீழே போட்டிருந்தான்.

"ஒரு நாட்டுக்கு ஒரு நம்பர் போடுறதுதானே மாமி. ஜெர்மனியிலை எங்களுக்கு வேற ஆர் இருக்கினம்?"

உயிரோடு இருந்தபோது மனிதரை ஏறெடுத்தும் பார்க்காதவனிடம், போன பிறகு உறவு கேட்டுக் கையேந்தியதுபோல ஆகிவிட்டதே. அந்த எண்ணை உடனே எடுக்கச் சொன்னார் உல்ரிகா. அதற்குள், அறிவித்தலில் லண்டனுக்குப் போட்டிருந்த வீட்டுத் தொலைபேசி அடித்தது.

இத்தனை வருஷம் கழித்தும் தம்பியின் குரலை அவருக்கு அடையாளம் தெரிந்தது. காலையிலிருந்து ஓயாமல் அழைப்பு என்றான். டோர்ட்மண்டிலிருந்தும் ஸ்டுட்கார்டிலிருந்தும் யார் யாரோ நல்ல ஜெர்மனில் அவனுக்கு ஆறுதல் சொல்கிறார்களாம். லண்டனில் தங்க இடமில்லாமல் நின்ற நாளில் குலசேகரம் தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்ததைச் சொல்லி ஒருவர் அழுதாராம். குலசேகரத்தைத் தனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை என்றான்.

பிறகு, தயங்கித் தயங்கிக் கேட்டான். சடங்கில் மைத்துனர் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டுமாமே, அது கட்டாயமா?

அப்படியொரு கட்டாயம் கிடையாது. அது உல்ரிகாவுக்கு நன்றாகவே தெரியும்.

"ஓம், கட்டாயம்" என்றார். ஜெர்மனில் பேசிக்கொண்டிருந்தவர் தமிழில் சொல்லிவிட்டதை உணர்ந்து, மறுபடி ஜெர்மனில் சொன்னார்.

நாளையும் இடத்தையும் கேட்டுக்கொண்டு, பார்க்கிறேன் என்று அல்பிரெக்ட் வைத்துவிட்டான். உல்ரிகா மறுபடி நடக்கத் தொடங்கினார்.

"நம்பரை எடுத்துவிடட்டோ மாமி?" என்று றமணன் பயந்துகொண்டே கேட்டான்.

"எடுக்காதை. கனடா ஆக்களையும் அவனுக்குப் போன் அடிக்கச் சொல்லு."