முடக்கில் துள்ளும் சக்கரம்

மனைவிக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை நடந்த பிறகு, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பதுளை ஆஸ்பத்திரிக்கு உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் போக வேண்டியிருந்தது. நாங்கள் இருப்பது கொஸ்லந்தைக்குப் பக்கத்தில். அப்புத்தளை மேட்டை எட்டுவதற்குள் பாதை திரும்பித் திரும்பி ஏறுகிறது. முதல் கியருக்கு இறக்கினால்தான் ஏறக்கூடிய வளைவுகளை, எங்கள் பேச்சில் முடக்குகளை, மட்டும் எண்ணினால் பதினொன்று. தேயிலைத் தோட்டக் காரியாலயத்தில் கிளாக்கராக இருந்தவன் நான். எண்ணாமல் இருக்க முடியாது.

தொந்தரவு முதல் முடக்கிலேயே ஆரம்பித்துவிடும். ஸ்டியரிங்கை ஒடித்து அக்ஸிலேட்டரை மிதித்தால், உட்பக்கத்து முன் சக்கரம் தரையைப் பிடிப்பதும் விடுவதுமாகத் துள்ளும். தடதடவென்று ஒரு நடுக்கம் காரின் அடியில் ஓடி, பின் சீட்டில் காலை நீட்டிச் சாய்ந்திருப்பவளின் இடுப்பில் போய் முடியும். அவள் சத்தம் போடுகிறவள் அல்ல. கண்ணாடியில் பார்த்தால் முந்தானை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பாள்.

மூன்றாவது பயணம் முடிந்து வீட்டுக்கு வந்து படுத்தவள், சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "வலியப் போக்கப் போயி வலிய வாங்கிட்டு வர்றேன். இனி நான் வரலைங்க. கம்ப ஊனிக்கிட்டே இருந்துட்டுப் போறேன்."

பயிற்சியை இடையில் விட்டால் அந்தக் கம்பு கடைசிவரை கையைவிட்டுப் போகாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். பஸ்ஸை யோசித்தேன். காலை பஸ்ஸில் ஏறுவதற்கு நல்ல இடுப்பு உள்ளவர்களே படுகிற பாடு எனக்குத் தெரியும். ரயில் என்றாலும் அப்புத்தளை வரை இதே முடக்குகள்தான். இன்னும் ஒரே ஒரு தடவை வருவதாக அவளிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கினேன். அதற்குள் துள்ளல் நின்றாக வேண்டும்.

பண்டாரவளையில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோனேன்; முஸ்லிம் பெரியவர், எல்லோருக்கும் அவர் நானா. பக்கத்து ஏற்றத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கியவர், இது காரா ஆட்டுக்குட்டியா என்று கேட்டார். முன் பக்கத்தை ஜாக்கியில் தூக்கிக் காட்டினார். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை உட்கார்ந்திருக்கும் ரப்பர் புஷ்கள் இரண்டு பக்கமும் வெடித்துப் போயிருந்தன. பிடிமானம் இல்லாததால் சக்கரம் முன்னும் பின்னுமாக ஆடுகிறது என்றார். புதிதாகப் போட்டார். தோட்டத்துக் கல் ரோட்டுக்காக டயரில் காற்றைக் கல்லுப் போல அடித்து வைப்பது என் பழக்கம். அதையும் அவர் விடவில்லை. கதவோரத்தில் ஒட்டியிருந்த தாளில் கண்ட அளவுக்குக் காற்றை இறக்கிவிட்டார்.

"முடக்குக்குள்ள மிதிக்காதீங்க ஐயா. முன்னாலயே வேகத்தக் கொறச்சு, மெதுவா திருப்பி, சக்கரம் நேரானதும் மிதிங்க. இந்தக் காருல முன் சக்கரந்தான் இழுக்கணும், அதுதான் வண்டியத் திருப்பவும் வேணும். ரெண்டு வேல அதுக்கு, பாவம்."

மறுநாள் தனியாக ஏறிப் பார்த்தேன். பதினொன்றில் ஏழு அடங்கிவிட்டன. மிகக் கூர்மையான நான்கு முடக்குகளில் சக்கரம் இன்னும் துள்ளியது. அதில் ஒன்று போதும், அவள் திரும்பிப் போகலாம் என்று சொல்லிவிடுவாள்.

கிளினிக் நாளன்று தூறல். நடப்பதற்காக ஆஸ்பத்திரியில் கொடுத்த நாலுகால் சட்டத்தையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அதை வைத்தால் டிக்கி மூட மறுத்தது. இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். வாசலில் கம்போடு நின்றவள் எட்டிப் பார்த்து, டிக்கியில் விரித்திருந்த பாய்க்குக் கீழே என்ன மூட்டை என்று கேட்டாள்.

மணல். மழை மாதம் தொடங்கினால் எங்கள் தோட்டத்தில் கொழுந்து லொறி, காரியாலய ஜீப் எல்லாவற்றிலும் பின்னால் மணல் மூட்டை ஏற்றிவிடுவார்கள். ஈரமான ஏற்றத்தில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலாமல் தரையைக் கடிக்க வேண்டுமே. கார் வாங்கிய வருடம் நானும் இரண்டு மூட்டை வைத்துப் பாயைப் போட்டு மூடினேன். அதைச் சுமையாக நான் கணக்கில் எடுத்ததே இல்லை. உபரிச் சக்கரம் மாதிரி அதுவும் காரோடு சேர்ந்தது. நானாவிடமும் சொல்லத் தோன்றவில்லை. டிக்கியைத் திறக்க அவருக்கு வேலை வரவில்லை.

மணலை எடுத்தால் இந்தத் தூறலில் கார் சறுக்கும் என்றேன்.

"அப்ப என்னைய விட்டுட்டு மணலக் கூட்டிக்கிட்டுப் போங்க. அதுக்குத்தான் இடுப்பே இல்லையே."

மூட்டைகளை இறக்கினேன். இறக்கும்போது என் இடுப்பும் ஒரு வார்த்தை சொன்னது.

முதல் முடக்கில் பயந்துகொண்டே திருப்பினேன். ஒன்றும் இல்லை. முன்பு துள்ளிய நான்கில் முதலாவது வந்தது. கார் அமைதியாக ஏறியது. இரண்டாவதிலும் அப்படியே. அதற்கு மேல்தான் எனக்கு உறைத்தது. லொறியையும் ஜீப்பையும் பின் சக்கரங்கள் தள்ளுகின்றன. பின்னால் பாரம் வைத்தால் அவற்றுக்குப் பிடி கூடும். இந்தக் காரை முன் சக்கரங்கள் இழுக்கின்றன. நான் வைத்த மணல் காரின் வாலை அழுத்தி மூக்கைத் தூக்கிவிட்டிருக்கிறது. தரையைக் கடிக்க வேண்டிய சக்கரம் பாரம் குறைந்துபோய்த் துள்ளியிருக்கிறது. ஏற்றத்தில், திரும்பும்போது, அதுவும் உட்பக்கச் சக்கரத்தில், கேட்கவே வேண்டாம்.

கடைசி முடக்கில் மட்டும் லேசான ஒரு நடுக்கம். கண்ணாடியில் பார்த்தேன். முந்தானை மடியில் கிடந்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சிகிச்சை முடிந்து திரும்பும்போது, அப்புத்தளையில் தேத்தண்ணி குடிக்கலாம் என்று அவளே சொன்னாள். கடை முன்னால் காரை நிறுத்தி, கோப்பைகளைக் காருக்கே வாங்கி வந்தேன். மூடுபனியில் எதிர்க்கடையின் பெயர்ப்பலகை தெரியவில்லை. எனக்கு அடுத்த கவலை வந்துவிட்டது. பெருமழை தொடங்கினால், மணல் இல்லாமல் இந்தக் கார் என்ன செய்யுமோ? முன்னால் பாரம் வைக்கவும் வழியில்லை. இதையெல்லாம் வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் கோப்பையை என்னிடம் நீட்டினாள்.

"அந்தக் குடையையும் பிளாஸ்க்கையும் முன் சீட்டுல இருந்து எடுங்க. அடுத்த தடவ நான் முன்னுக்கு ஒக்கார்றேன், மணலுக்குப் பதிலா."

அடுத்த தடவைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. குடையையும் பிளாஸ்க்கையும் அப்போதே பின்னால் மாற்றி வைத்தேன்.