பாசித்தொட்டியும் சாம்பிராணியும்

கோபக்காரன் வாங்கக்கூடாத மீன் ஒன்று உண்டென்றால் அது மாண்டரின் மீன்தான். அதை வளர்க்கப் பொறுமை வேண்டும். எனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் வாங்கினேன்.

ஆங் மோ கியோவில் எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், நாலடி நீளக் கடல்நீர்த் தொட்டி ஒன்று பத்து வருடமாக இருக்கிறது. கொஞ்சம் பவளம், நாலைந்து மீன், இரண்டு இறால். மாண்டரினை சிராங்கூன் நார்த் பக்கத்து வளர்ப்பு மீன் கடையில் பார்த்தேன். விரல் நீளம்தான். நீலமும் ஆரஞ்சுமாகப் பட்டுச்சேலைக் கரைபோல உடம்பெல்லாம் கோடு. கடைக்காரச் சீன அங்கிள் வேண்டாமென்றுதான் சொன்னார். உயிருள்ள பூச்சியைத் தவிர வேறு எதையும் தொடாது, பட்டினி கிடந்தே செத்துப்போகும் என்றார். "ஐ நோ லா, அங்கிள்" என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு ஒன்றும் தெரியாது.

இரண்டே வாரத்தில் அதன் வயிறு ஒட்டிவிட்டது. நாளெல்லாம் பாறைமேல் ஊர்ந்து ஊர்ந்து கொத்தும். கொத்துவதற்கு அங்கே எதுவும் இல்லை. நான் போட்ட தீனியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வேலையிலிருந்து வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் அதன் வயிற்றைப் பார்ப்பேன். பயமாக இருந்தது.

மறுபடி அங்கிளிடம் ஓடினேன். "ரெஃபூஜியம் வை" என்றார். அதாவது, பெரிய தொட்டிக்குக் கீழே கேபினட்டுக்குள் இன்னொரு சின்னக் கண்ணாடித் தொட்டி. மேலே உள்ள தண்ணீர் குழாய் வழியாக அதில் இறங்கி, பம்ப் வழியாகத் திரும்ப மேலே போகும். அந்தச் சின்னத் தொட்டியில் பாசியும் உடைந்த பவளக்கல்லும் போட்டு, ஒரு விளக்கும் வைத்தால், கோபிபாட் என்கிற பூச்சி அங்கே பெருகும். ரவையைவிடப் பொடிசு. மீன்கள் நுழைய முடியாத இடமென்பதால் அதற்கு அது அடைக்கலம். பெருகியதில் கொஞ்சம் தண்ணீரோடு மேலே போய் மாண்டரினுக்குச் சாப்பாடாகும்.

பாசிப் பையோடு வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி சிரித்தாள். "பத்து வருஷமா பாசிய சொரண்டிச் சொரண்டிக் கொட்டினீங்க. இப்ப கடையில போயி வாங்கிட்டு வர்றீங்களா? நல்லா இருக்குங்க."

கேபினட் குறுகல். முட்டி போட்டு, தலையைச் சாய்த்து, வலது தோளை உள்ளே திணித்தால்தான் கை எட்டும். குழாயைப் பொருத்தி, கல்லை அடுக்கி, பாசியைப் பிரித்துப் போடுவதற்குள் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. ஐம்பத்தாறு வயதில் இதெல்லாம் தேவையா என்று என்னையே திட்டிக்கொண்டேன். தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மறுபடி குனிந்தேன். பாட்டிலில் வாங்கி வந்த பூச்சியைக் கடைசியாக ஊற்றினேன். டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் ஓடின. ஒரு சின்னப் பிள்ளையைப்போல மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அது புதன்கிழமை. சனிக்கிழமை காலையில் டார்ச் அடித்தால் ஒரு புள்ளிகூட ஓடவில்லை.

இடையில் வந்தது வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் சாம்பிராணி. அந்த நாட்களில் அது வெறும் வழக்கமாகவும் இல்லை. செங்காங்கில் இருக்கும் எங்கள் மகளுக்கு இரண்டு முறை கரு கலைந்து, மூன்றாவது இப்போது ஐந்தாம் மாதம். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும்வரை ஒரு வெள்ளிக்கிழமையும் தவறாமல் வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவதாக மனைவி வேண்டிக்கொண்டிருந்தாள். தேக்கா மார்க்கெட்டிலிருந்து கட்டிச் சாம்பிராணியும் கரியும் அதற்கென்றே வாங்கி வைத்திருந்தாள்.

கேபினட்டுக்குள் பாசித்தொட்டிக்குப் பக்கத்திலேயே ஸ்கிம்மர் இருக்கிறது. அறையின் காற்றை உறிஞ்சித் தண்ணீரில் நுரையாக அடித்து அழுக்கைப் பிரிக்கிற கருவி. காற்றோடு புகையையும் அது இழுக்கும். எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கியதாக நினைத்தேன்.

"உன் சாம்பிராணிதான் அத்தனையையும் கொன்னுடுச்சு" என்றேன்.

"முன்னாடியெல்லாம் போடலியா? அப்ப உங்க மீனு சாவலியே?"

"அப்ப பூச்சி இல்ல. இது ரவை மாதிரி, தாங்காது. அந்த மீனுக்கு இதைவிட்டா வேற சாப்பாடு கிடையாது. இனிமே வீட்டுல சாம்பிராணி போடாத."

"நான் வேண்டிக்கிட்டிருக்கேன்னு தெரியும்ல?"

"சாமி கோச்சுக்காது. மீனு செத்துரும்."

 அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று கேட்டேன். "சிராங்கூன் ரோட்டுக் கோயிலுக்கு. அங்கதான் மீன் இல்லையே" என்றாள். கதவைச் சாத்திய சத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டது.

இரண்டாவது பாட்டில் ஊற்றினேன். நாலு நாளில் காலி. மூன்றாவதும் அப்படியே. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மேலே போனதால்தான் மீன் உயிரோடு இருந்தது. தலைக்குப் பின்னால் உடம்பு மடிந்து, எலும்பு தெரிய ஆரம்பித்தது. நான் தினமும் கேபினட்டுக்குள் தலையை விட்டுக் கல்லை நகர்த்தினேன், பாசியைப் புரட்டினேன், குழாயை மாற்றினேன். தோள்வலி தாங்க முடியவில்லை. தூக்கம் போயிற்று. வேலையிடத்தில் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன்.

நாலாவது வாரம் நான் செய்ததை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. வீட்டுக்கு வந்ததும் நேராக ஜன்னலுக்குப் போய்க் கர்ட்டனை மூக்கில் வைத்து மோந்து பார்த்தேன். அவள் சமையற்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"எனக்குத் தெரியாம போட்டியா? பொய் சொல்லாத."

அவள் முகம் அப்படியே சுருங்கிவிட்டது. "முப்பது வருஷத்துல உங்ககிட்ட ஒரு பொய் சொல்லியிருக்கேனா?" என்றாள்.  சாப்பாட்டை மட்டும் மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கர்ட்டனில் சோப்புத்தூள் வாசம்தான் இருந்தது. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இப்படி ஐந்து வெள்ளிக்கிழமை போனது. ஆறாவது வாரம் வியாழக்கிழமை, கடைசி முயற்சியாக இன்னொரு பாட்டிலை ஊற்றி அரை மணி நேரம் ஆகியிருக்காது, மாப்பிள்ளை போன் பண்ணினார். மகளுக்கு இரத்தம் பட்டிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன் என்றார்.

டாக்சி பிடித்து ஓடினோம். வெள்ளிக்கிழமை முழுக்க வார்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அவள் என்மேல் பழி போடவில்லை. 'உங்களாலதான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட நான் கத்தியிருப்பேன், கத்தினால் பாரம் இறங்கியிருக்கும். அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சாமி நம்பிக்கை அரைகுறை. அன்றைக்கு அந்த அரையும் குறையும் சேர்ந்து என்னைப் பிடுங்கித் தின்றது.

சனிக்கிழமை மத்தியானம் டாக்டர் வந்தார். பிள்ளை நன்றாக இருக்கிறது, தாயும் தேறிவிட்டாள், ஆனால் படுத்தே இருக்க வேண்டும் என்றார். மனைவி அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதாள். அவளை மகளோடு விட்டுவிட்டு, குளித்து உடை மாற்ற நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன்.

மீன் செத்திருக்கும் என்றே நினைத்தேன். உயிரோடு இருந்தது. கேபினட்டைத் திறந்து டார்ச் அடித்தேன். கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளிகள் ஓடின. பாசிக்குள், கல்லுக்கடியில், எங்கே பார்த்தாலும். ஸ்கிம்மரில் நுரை விளிம்புவரை பொங்கி நின்றது. இரண்டு நாளாக நான் வீட்டிலேயே இல்லை, தானாகவே எல்லாம் சரியாகிவிட்டதே என்று சந்தோஷம் தாங்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தே கிடந்ததில் தோள் கல்லாக இறுகியிருந்தது. தைலத்தை நன்றாகத் தேய்த்தேன். ஒரு கல் சரிந்து கிடந்தது கண்ணில் பட்டது. அதை நிமிர்த்த, முழங்கை வரை கையை உள்ளே விட்டேன்.

கையை எடுத்துத் துடைத்துக்கொண்டே ஸ்கிம்மரைப் பார்த்தேன். நுரை இறங்கிக்கொண்டிருந்தது. சில நிமிடத்தில் பொங்கி நின்றதெல்லாம் அமுங்கி வெறும் தண்ணீராகிவிட்டது. பாசித்தொட்டியின் மேல் டார்ச் அடித்தேன். தண்ணீர்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம், வெளிச்சத்தில் ஊதாவும் பச்சையுமாக மினுங்கியது.

அடப்பாவி!

கையை மோந்து பார்த்தேன். அடித்த தைல நெடியில் கண்ணே கரித்தது. பூச்சி போய்விட்டதே என்று குனிந்தேன், குனிந்ததால் தோள் வலித்தது, வலித்ததால் தைலம் தேய்த்தேன், தேய்த்த கையோடு மறுபடி குனிந்தேன். ஆறு வாரமாக இதுதான் நடந்திருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் வீட்டில் ஆடியவன் நான், கோணல் என்று பழி சுமந்தவள் அவள்.

பாதித் தண்ணீரை இறைத்துப் புதுக் கடல்நீர் ஊற்றினேன். எண்ணெயை இழுக்கக் கரித்தூள் பையைத் தொங்கவிட்டேன். பாதிப் பூச்சிகளாவது பிழைத்தன.

மறுநாள் அவள் வீடு திரும்பி, ஹாலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். 

"கையக் குடுங்க" என்றாள். வாங்கி மோந்து பார்த்தாள். சோப்புப் போட்டு நாலு முறை கழுவியும் வாசம் போகவில்லை.

"அன்னிக்குக் கர்ட்டன மோந்து பாத்தீங்களே" என்றாள். "ஒரே ஒரு தடவ உங்க கைய மோந்து பாத்திருக்கலாம்ல?"

நான் ஒரு கீரைக்காம்பை எடுத்து உருவ ஆரம்பித்தேன்.

"விட்ட வெள்ளிக்கிழமைக்கெல்லாம் நீங்களே போடுங்க. அதுக்கப்புறம் நான் போட்டுக்குறேன்."

போட்டேன். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட்டு, கரியை மூட்டி, தூபக்காலைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகச் சுற்றினேன். கண்ணில் நீர் வழிந்தது, இருமினேன், முதல் வாரம் விரலைச் சுட்டுக்கொண்டேன். அவள் சோபாவில் உட்கார்ந்து, "பீரோவுக்குப் பின்னாடியும் காட்டுங்க" என்று ஏவினாள். பூச்சி பெருகியது. மாண்டரினுக்கு வயிறு திரும்பி வந்தது. மகளும் செங்காங்கில் படுத்தபடியே எட்டாம் மாதத்தைத் தொட்டாள்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை சுற்றி முடித்துத் தூபக்காலை அவளிடம் நீட்டினேன். "அஞ்சு முடிஞ்சுது. இனிமே உன் பாடு."

"ஆறு" என்றாள்.

"ஆறாவது வெள்ளிக்கிழமை நாம ஆஸ்பத்திரியிலல்ல இருந்தோம்? அன்னிக்கு நான் தடுக்கலியே?"

அவள் தூபக்காலை என் பக்கமே தள்ளினாள்.

"சாம்பிராணி போட்டிருந்தா இரத்தம் பட்டிருக்காதுன்னு நான் சொல்லலங்க. வாராவாரம் போட்டுக்கிட்டு வந்திருந்தா, அன்னிக்கு அந்த நாற்காலியில எனக்கு அவ்வளவு பயமா இருந்திருக்காது."

அடுத்த வெள்ளிக்கிழமையும் நானே கரி மூட்டினேன்.